காலிக் கோட்டையில் கலியாணம்: கொழும்பிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போன வருடம் மாசியில் எங்கள் தங்கச்சியின் கலியாணத்தைக் காலிக் கோட்டைக்குள் வைத்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் போய், சனிக்கிழமை காலை தாலிகட்டு, இரவு விருந்து, ஞாயிறு மத்தியானம் கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டோம். அதற்கு முந்திய மூன்று மாதமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேள்விகளுக்குப் பதில் எழுதியது நான்தான். இப்போது தெரிந்தவர்கள் வீட்டில் யாராவது "காலியில வைப்பமா?" என்று தொடங்கினால் அதே கேள்விகள் மறுபடி வருகின்றன. கலியாணம் வைக்கிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

கோட்டை என்றால் எந்தக் கோட்டை?

சிரிக்காதீர்கள், இதுதான் முதலாவது கேள்வி. கொழும்பில் இருக்கிறவர்களுக்குக் கோட்டை என்றால் புறக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற கோட்டைதான். எங்கள் மாமா ஒருவர் "கோட்டையில கலியாணமெண்டா வீட்டில இருந்து அரை மணித்தியாலம்தானே" என்று நிம்மதியாக இருந்தார். அழைப்பிதழில் "காலி" என்ற சொல்லைப் பெரிதாகப் போடுங்கள். கொழும்பிலிருந்து தெற்கே கரையோரமாகப் போனால் ஏறக்குறைய 116 கிலோமீட்டர்.

ஒரு மதிலைப் பார்க்க இவ்வளவு தூரம் போகவேண்டுமா?

மதில் மட்டும் என்றால் நானும் போகமாட்டேன். மதிலுக்குள்ளே ஒரு சின்ன ஊர் இன்னும் குடியிருக்கிறது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், தேவாலயங்கள், பள்ளிவாசல், விகாரை, பலசரக்குக் கடை, திண்ணையில் பேப்பர் படிக்கிற தாத்தா, எல்லாம் இருக்கின்றன. போர்த்துக்கீசர் 1588-இல் இங்கே முதல் அரணைக் கட்டினார்கள். 1640-இல் ஒல்லாந்தர் பிடித்து, இப்போது நாம் பார்க்கிற பெரிய மதிலைக் கட்டினார்கள். 1796-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1988-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு பழசாக அது எப்படித் தப்பியது என்று கேட்டால், பதில் கொழும்பில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் பெரும்பாலும் காலியில்தான் தரித்தன. 1885-இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி கட்டி முடிந்ததும் கப்பல்கள் கொழும்புக்கு வந்துவிட்டன. காலி பெரிய நகரமாகாமல் நின்றுபோனது. நம் கொழும்பு வளர்ந்த கணக்கில்தான் அந்தத் தெருக்கள் இடிபடாமல் மிஞ்சின.

எத்தனை பேரைக் கூப்பிடலாம்?

உண்மையான கேள்வி இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருகிறவை. நம்முடைய கலியாணங்களுக்கு ஐந்நூறு பேர் சாதாரணம். அம்மா எழுதிய முதல் பட்டியலில் 420 பெயர். கோட்டைக்குள் இருக்கிற பழைய ஒல்லாந்தர் வீடுகளில் நடு முற்றத்தையும் விறாந்தையையும் சேர்த்தால்கூட நூறு, நூற்றைம்பது பேர் மூச்சுவிட்டு இருக்கலாம். அதற்கு மேல் என்றால் யாரோ ஒருவர் தூணுக்குப் பின்னால் நின்றுதான் தாலிகட்டைப் பார்க்கவேண்டும்.

நாங்கள் 110-இல் நிறுத்தினோம். நிறுத்த ஒரு மாதம் பிடித்தது, இரண்டு வீட்டில் கதை நின்றது, ஒரு வீட்டில் இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை. மனது கேட்காவிட்டால் கொழும்பில் ஒரு மண்டபத்தில் பிறகு வரவேற்பு வையுங்கள், அதற்கு எல்லாரையும் கூப்பிடலாம். 400 பேரைக் காலிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறவர்கள் கோட்டைக்கு வெளியே பெரிய ஹோட்டல் எடுப்பதே மேல். கோட்டையையும் வேண்டும், கூட்டத்தையும் வேண்டும் என்றால் இரண்டும் கெடும்.

எப்படிப் போவது?

வாகனம் இருந்தால் தெற்கு அதிவேகப் பாதை. 2011-இல் திறந்தது. கொட்டாவையில் ஏறி, பின்னதுவையில் இறங்கினால் கோட்டைக்குச் சில கிலோமீட்டர்தான். அந்த 95 கிலோமீட்டர் ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் ஓடிவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாவைக்குப் போவதற்கே ஒரு மணித்தியாலம் போனது எங்களுக்கு. மூன்று மணிக்கு முன் வெளிக்கிடுங்கள். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் அதிவேகப் பாதையில் போகமுடியாது என்பதைத் தம்பிமாருக்குச் சொல்லிவையுங்கள்.

அதிவேகப் பஸ் கொட்டாவையை அடுத்த மாக்கும்புறையிலிருந்து போகிறது.

ரயில் மெதுவானது, இரண்டரை, மூன்று மணித்தியாலம் எடுக்கும். ஆனால் நான் மறுபடி போவதென்றால் ரயில்தான். காலிக்குப் போகும்போது வலப்பக்க யன்னலோரம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் ஒரு வரிசைக் கருங்கல் மட்டும்தான். அம்மம்மா "கோச்சியிலதான் வருவன்" என்று அடம்பிடித்து, அம்பலாங்கொடை வரைக்கும் மூடிய வாய் திறக்காமல் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். இடம் பிடிக்க வேண்டுமென்றால் இடையில் ஏறாமல் மருதானைக்குப் போய் ஏறுங்கள். காலி ஸ்டேசனிலிருந்து கோட்டை வாசலுக்கு நடக்கிற தூரம்தான், கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பெட்டி இருந்தால் ஓட்டோ.

விருந்தினருக்கு எங்கே அறை எடுப்பது?

உள்ளே சின்னச் சின்ன விடுதிகளாகத்தான் இருக்கின்றன, ஆறு அறை, எட்டு அறை என்று. ஒரே இடத்தில் எல்லாரையும் போட முடியாது. நாங்கள் ஏழு இடத்தில் எடுத்தோம். இங்கேதான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஓர் இடத்தில் "கீழ்த்தட்டு அறை" என்று தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அறை மேலே, ஏறுவதற்கு ஏணிக்கும் படிக்கும் நடுவான ஒரு மரப்படி. அம்மம்மாவுக்கு 81 வயது. கடைசியில் மாப்பிள்ளையின் சித்தப்பா தன் அறையை மாற்றிக் கொடுத்தார். சம்பந்தி வீட்டாரோடு எங்களுக்கு உண்மையான உறவு தொடங்கியதே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே முழங்கால் வருத்தக்காரருக்கு எடுக்கிற அறையை யாராவது ஒருவர் நேரில் போய்ப் பாருங்கள். படி, குளியலறையின் வாசற்படி, கட்டிலின் உயரம், மூன்றையும். பழைய கட்டில்கள் சில நெஞ்சுயரம் இருக்கும்.

வருடப் பிறப்பையொட்டிய நாட்களிலும், காலியில் டெஸ்ட் போட்டி நடக்கிற வாரத்திலும், தை மாதத்தில் இலக்கிய விழா வைக்கிற நாட்களிலும் அறை கிடைப்பது கஷ்டம். முகூர்த்தம் பார்க்க முன் போட்டி அட்டவணையைப் பாருங்கள். ஐயருக்கு இதைச் சொன்னபோது சிரித்தார், பிறகு அவரே ஸ்கோர் கேட்டார்.

ஓமம் வளர்க்க விடுவார்களா? மேளம் வாசிக்கலாமா?

முற்றத்தில் விடுவார்கள், கூரைக்குக் கீழே பெரும்பாலும் விடமாட்டார்கள். நூறு, இருநூறு வருட மரக்கூரைக்குக் கீழே நெருப்பு வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? மணவறையை முற்றத்தின் நடுவில் போட்டு, மேலே வெள்ளைத் துணிப் பந்தல் கட்டினோம். கடற்காற்றில் ஓமப்புகை ஐயரின் முகத்துக்கே திரும்பித் திரும்பி வந்தது. காற்றுத் திசையை முதல்நாள் அதே நேரத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐயர், மேளகாரர், மணவறைக்காரர் எல்லாரும் கொழும்பிலிருந்துதான் வந்தார்கள். அவர்களுக்கும் அறை, சாப்பாடு, வாகனம் கணக்கில் போடவேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒலிபெருக்கி வைப்பதென்றால் போலீஸ் அனுமதி வேண்டும். மேளத்துக்கு நாங்கள் ஒலிபெருக்கி வைக்கவில்லை. அந்தக் குறுகிய தெருவில் தவிலுக்கு எதற்கு மைக்? பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது வாசிப்பை நிறுத்தும்படி முதலே சொல்லிவைத்திருந்தோம். கோட்டைக்குள் இருக்கிற முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுமொழி தமிழ்தான். மாப்பிள்ளை அழைப்பு தெருவால் போனபோது ஒரு வீட்டுப் படியில் நின்ற உம்மா, "பொண்ணு எங்க ஊரு?" என்று கேட்டார். கொழும்பு என்றோம். "அதுக்குமுன்ன?" என்றார். அப்புறம் பருத்தித்துறை வரைக்கும் கதை போனது.

கலியாண எழுத்தைக் கொழும்பிலேயே ஒரு கிழமைக்கு முன் முடித்துவிட்டோம். பதிவாளரையும் காலிக்கு அழைத்து அலைவதைவிட அது சுலபம். தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கும் வீட்டில்தான் நடந்தது.

என்ன உடுப்பது?

கூறைச்சேலையும் நகையும் மணப்பெண்ணோடு போகட்டும். மற்றவர்கள் பருத்தி, மெல்லிய பட்டு என்று உடுங்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றிக்கொண்டு காலை பத்து மணி வெயிலில் அந்த முற்றத்தில் நின்ற என் பெரியம்மாவின் முகம் வீடியோவில் அப்படியே இருக்கிறது. குதிக்கால் செருப்பு வேண்டாம், கல் பதித்த இடங்களில் மாட்டும். ஆண்களுக்கு வேட்டி நல்ல யோசனை, மதிலின் மேல் ஏறும்வரைக்கும். அங்கே அடிக்கிற காற்றுக்கு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் நடக்கவேண்டும்.

பூமாலையைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பிலேயே கட்டுவித்து, ஈரத் துணி சுற்றி, குளிர்பெட்டியில் கொண்டுபோங்கள். அதிகாலையில் ஒருவர் தனியாகக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

சாப்பாடு?

காலைப் பந்தி சைவம், வாழை இலையில். விடுதிச் சமையலறையில் வெளிச் சமையல்காரரை விடுவார்களா, அதற்கு என்ன கட்டணம் என்பதை முற்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், விட்டார்கள். தாச்சியும் கிடாரமும் வானில் போயின. இரவு விருந்தை விடுதிக்காரரிடமே கொடுத்தோம், கடலுணவு. கடைசியில் வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த அந்த முஸ்லிம் வீட்டுப் பலகாரத்தை அயல்வீடு ஒன்றில் சொல்லிச் செய்வித்தோம். கலியாணக் கேக்கை யாரும் தேடவில்லை.

எந்த மாதம் நல்லது?

மார்கழி நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரைக்கும். வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிடும், கடலும் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர மழை. ஆவணி முகூர்த்தம்தான் என்று வந்தால் கூரையுள்ள இடமாக எடுங்கள். எந்த மாதமானாலும் போயா நாள் விழுகிறதா என்று பாருங்கள். பூரணையன்று மதுபானம் விற்கமாட்டார்கள், இறைச்சிக் கடையும் பூட்டு. எங்கள் வீட்டில் சிலருக்கு அது மகிழ்ச்சி, சிலருக்குப் பெரும் துக்கம். நோன்பு மாதம் என்றால், அயலவர்கள் நோன்பு திறக்கிற நேரத்தில் தெருவை மேளத்தால் நிரப்பாமல் இருப்பது மரியாதை.

பிள்ளைகளை மதிலில் விடலாமா?

தனியாக விடவே வேண்டாம். மதிலின் கடற்பக்கத்தில் பல இடங்களில் கைப்பிடியோ வேலியோ இல்லை. கீழே பாறையும் அலையும். கொடிப்பாறை என்கிற முனையில் இளைஞர்கள் சிலர் காசுக்கு மேலேயிருந்து கடலுக்குள் குதித்துக் காட்டுவார்கள். அவர்களுக்கு அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு கல்லும் தெரியும். எங்கள் பெடியன்களுக்குத் தெரியாது. ஒருவன் சேர்ட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டான், அவன் அம்மா போட்ட சத்தம் வெளிச்சவீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கடல் இவ்வளவு கிட்ட. பயமில்லையா?

2004 டிசம்பர் 26-ஐ மனதில் வைத்துக்கொண்டு அம்மம்மா கேட்டது. அன்றைக்குக் காலி நகரத்தின் பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாயின. மைதானத்தில் மறுபடி டெஸ்ட் ஆட 2007 டிசம்பர் ஆனது. ஆனால் கோட்டைக்குள் இருந்தவர்களை ஒல்லாந்தர் மதில் பெரும்பாலும் காப்பாற்றியது. ரயிலில் போகிறவர்கள் ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னே பெரேலியாவைக் கடப்பீர்கள். சுனாமி ஒரு ரயிலையே புரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன இடம். எங்கள் பெட்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்தில் தாமாகவே நிறுத்தினார்கள்.

படம் எங்கே எடுப்பது?

காலை ஏழு மணிக்கு முன் எந்தத் தெருவானாலும் அழகு. பின்னேரம் என்றால் கடிகாரக் கோபுரத்திலிருந்து கடலோரமாக மதிலின் மேல் நடங்கள், ஆறு மணி சொச்சத்துக்குச் சூரியன் இறங்கும். குடைக்குள் ஒளிந்திருக்கிற காதலர்களைப் படமெடுக்காதீர்கள், அவர்களுக்கு வேறு இடம் இல்லை. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை, கமராக்காரர் "அது பாத்துக்கொள்ளலாம்" என்றால் நம்பாதீர்கள்.

1755-இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்துக்குள் எடுக்க எல்லாருக்கும் ஆசை. வெளிச்சம் அப்படி. ஆனால் அதன் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், சிலவற்றில் மண்டையோடு செதுக்கியிருக்கும். மணமக்களை அங்கே நிறுத்தப்போன கமராக்காரரைப் பெரியம்மா மறித்தார்: "செத்த ஆக்களுக்கு மேல நிண்டோ முதல் படம்?" அதோடு சரி, வெளியே வந்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

இடைப்பட்ட நேரத்தில் என்ன பார்க்கலாம்?

மதிலை முழுதாகச் சுற்ற, நின்று நின்று போனால், ஒன்றரை மணித்தியாலம். நிலப்பக்கம் பார்த்த மூன்று கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். போட்டி நடந்தால் அங்கேயிருந்து இலவசமாகக் கிரிக்கெட் பார்க்கலாம். பழைய வாசலை விட்டுவிடாதீர்கள். அதன் உள்பக்கத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், 1669 என்ற ஆண்டு, மேலே ஒரு சேவல். வெளிப்பக்கம் ஆங்கிலேய அரச சின்னம். இப்போது வாகனம் போகிற பெரிய வாசல் 1873-இல் ஆங்கிலேயர் உடைத்தது. 1939-இல் கட்டிய வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் 1904-இன் மீரான் ஜும்மாப் பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் தேவாலயம் என்றே நினைப்பார்கள்.

வளைகுடாவின் எதிர்க்கரையில் பச்சையாகத் தெரிகிற குன்று ருமஸ்ஸல. அனுமான் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகையில் சிந்திய துண்டு என்பது அந்தப் பக்கத்துக் கதை. பிள்ளைகளுக்கு இது போதும், மிச்ச வரலாற்றைக் கேட்கமாட்டார்கள்.

காலிக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?

மாப்பிள்ளையின் அப்பா சாப்பாட்டு மேசையில் கேட்டது. இருக்கிறது, ஆனால் பார்க்கக் கொழும்புக்குத்தான் வரவேண்டும். 1911-இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்த கற்பலகை ஒன்றை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல், 1409 என்ற ஆண்டைச் சொல்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பக்கம், தமிழ்ப் பகுதி தெனாவரைக் கோயிலின் தெய்வமான நாயனாருக்குப் பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியல் போடுகிறது. தெனாவரை என்பது மாத்தறைக்கு அப்பால் இருக்கிற இன்றைய தெவிநுவர. அந்தப் பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588-இல் இடித்தார்கள், காலியில் அரண் எழுந்த அதே வருடம்.

கல் இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில். கலியாணம் முடிந்த கிழமை அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தார். தேய்ந்திருக்கிறது, அவ்வளவாகப் பிடிபடவில்லை. "நாங்களும் பட்டும் பொன்னும்தானே கொண்டுபோனம்" என்றார்.

அன்பளிப்பு என்ன கொடுப்பது?

என்வலப். தயவுசெய்து என்வலப். யாரோ ஒருவர் ஆறடிக் குத்துவிளக்கைக் காலிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அது ஞாயிறு மத்தியானம் என் மடிமேல் படுத்துக்கொண்டுதான் வெள்ளவத்தைக்குத் திரும்பியது.